ஆனாடே

ரங்கூன்,
ஆடி 12, 2025

அன்புள்ள செல்லையா,

உன் கடிதம் பஸ் டிரைவர் கையில் கசங்கி, ஒரு மூலை நனைந்து வந்து சேர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டுச் சரிந்து கிடந்ததைப் பார்த்து, ஏதோ அவசரத்தில் கிறுக்கியிருக்கிறாய் என்று நினைத்தேன். கடைசி வரிக்கு வந்தால் கண்புரை என்கிறாய். அதை முதல் வரியில் எழுதக் கூடாதா? மச்சினன் கடன், தெருச் சண்டை, கோயில் கூழ் என்று ஊரார் சேதி அத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் உன் கண்ணைப் பற்றி ஒரு வரி. நாற்பது வருஷமாக நீ இப்படித்தான்.

இங்கே எல்லாரும் சுகம். மழை விடவில்லை. மோல்மேனில் உங்களுக்கு இதைவிடப் பலமாகக் கொட்டும், எனக்குத் தெரியும், அதனால் பெருமை அடிக்கவில்லை. சின்னவள் தையல் வகுப்பு முடித்துவிட்டாள். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டு.

"எல்லாரும் என்னைத்தான் தேடி வருகிறார்கள், ராத்திரி படுத்தால் கால் நடுங்குகிறது, நீ எப்படிச் சமாளிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். சமாளிக்கவில்லை என்பதுதான் நிஜம். சித்திரை கடைசியில் ஒரு தப்பு செய்தேன். வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. இப்போது சொல்கிறேன்.

மார்ச் 28 நிலநடுக்கம் இங்கே பெரிதாகச் சேதம் பண்ணவில்லை. விளக்கு ஆடியது, தொட்டித் தண்ணீர் அலம்பியது, அவ்வளவுதான். ஆனால் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 என்றால் கேட்கவா வேண்டும். மறுநாளே நம் கோயிலில் அரிசி, கொசுவலை, தார்ப்பாய் என்று சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். பத்து நாள் பொட்டலம் கட்டினேன். அறுபத்தோரு வயதில் அரிசி மூட்டை தூக்கினேன். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவேன், சோர்வே தெரியாது. சாப்பிட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம்.

அப்புறம் கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். அங்கேதான் வந்தது வினை. யார் பெயரை முதலில் வாசிப்பது, மிச்சப் பணத்தை எங்கே வைப்பது, லாரி வாடகைக்கு ரசீது ஏன் இல்லை என்று நாலு கூட்டம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மின்விசிறிகூட இல்லாமல். நான் மூட்டை தூக்கவில்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நாலாவது கூட்டம் முடிந்து எழுந்தபோது, மண்டலே வரைக்கும் நடந்து போய்விட்டு வந்த மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் கரண்ட். எங்கள் தெருவுக்கு அந்த மாதம் ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் முறை வந்தது. வந்ததும் தெரு முழுக்க மோட்டார் சத்தம் கேட்கும். வீட்டுக்காரி எழுந்து கரண்ட் சோற்றுப் பானையைச் செருகுவாள், நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மாடித் தொட்டி வழிகிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். கண்ணை மூடிக்கொண்டே இஸ்திரி போடுவாள். இப்படி மூன்று வாரம்.

மறுநாள் பகலில் நான் பயின்னாவுங் சந்தையில் உளுந்துக்கு விலை சொல்ல வேண்டும். என் வேலை உனக்குத் தெரியுமே. நம்மிடம் வாங்குகிற சென்னைக்காரர்கள் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், நாம் கடை கட்டுகிற நேரத்தில்தான் அவர்களுக்குச் சுறுசுறுப்பு வரும். அன்றைக்கும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள். உளுந்தில் பெரிய பருக்கை எஸ்க்யூ, சாதாரணம் எஃப்ஏக்யூ. இரண்டுக்கும் டன்னுக்கு எத்தனை டாலர் வித்தியாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முப்பது வருஷமாக அதுதான் சோறு. அன்றைக்கு எஸ்க்யூவுக்கு நேராக எஃப்ஏக்யூவின் குறைந்த விலையை அடித்து அனுப்பிவிட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டே நிமிஷத்தில் 'ஓகே' வந்தது. இரண்டு கன்டெய்னர், நாற்பத்தெட்டு டன்.

அனுப்பியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. மறுத்து எழுதியிருக்கலாம். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார், சொன்ன வாக்கு சொன்னதுதான் என்று. திட்டவும் இல்லை. "வயசாயிடுச்சு முத்து உனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

அந்த வாரமே வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி படுத்துவிட்டது. பார்க்க வந்த பர்மியப் பையன் மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மாமா முறை வைத்து, "ஊலே, இதை ஒட்ட ஒட்டக் குடிச்சிருக்கீங்க" என்றான். பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாதாம். அது கத்துகிற வரை ஓட்டி, கரண்ட் வந்ததும் அரைகுறையாக ஏற்றி, மறுபடி கத்துகிற வரை ஓட்டினால் இரண்டு வருஷம்கூடத் தாங்காதாம். "கத்தினப்புறம் நிறுத்தினேனே" என்றேன். "கத்தறதே கடைசியிலதான் ஊலே" என்றான்.

அவன் போன பிறகு ஒரு விஷயம் மண்டையில் ஓடியது. போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதை பர்மியர்கள் 'ஆத்வின்' என்கிறார்கள் அல்லவா? 'ஆ' என்றால் பலம், தெம்பு. தெம்பை உள்ளே போடுவது ஆத்வின். ஒருவருக்கு ஊக்கம் கொடுப்பது ஆபே, தெம்பு தருவது. நம்பிச் சார்ந்திருப்பது ஆகோ. இதெல்லாம் சின்ன வயதிலிருந்து நாம் பேசுகிற பேச்சுதான், பிரித்துப் பார்த்ததில்லை. சரி, அப்படியானால் ஆனாடே? ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, பேசாமல் ஒத்துக்கொள்கிறோமே, அதற்கு இந்த ஊரில் இதைவிட்டால் வேறு சொல் இல்லை. 'நா' என்றால் வலி. ஆ-நா. தெம்புக்கு வலிக்கிறது! அறுபது வருஷம் பேசிய சொல்லுக்குள் இது இருந்திருக்கிறது.

நம் ஆட்கள் இதையே முகதாட்சண்யம் என்கிறோம். நமக்கு முகம் முறிந்துவிடக் கூடாது என்கிற கவலை, அவர்களுக்குத் தெம்பு நோகிறது. நமக்குத் தமிழனின் தாட்சண்யமும் பர்மாக்காரனின் ஆனாடேயும் சேர்ந்து வாய்த்திருக்கிறது. கால் நடுங்காமல் என்ன செய்யும்?

ஆனாடே கெட்ட குணம் என்று நான் சொல்ல வரவில்லை. 64இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது நம் அப்பாமார் கப்பலேறாமல் இங்கேயே காலத்தை ஓட்ட முடிந்ததற்கு, பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பங்களின் இந்தக் குணமும் ஒரு காரணம். நம்மைப் பட்டினி போட அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்குத் தகராறு வேறு இடத்தில். கையில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்காமலே சரி சொல்லிவிட்டு, பிறகு முணுமுணுத்துக்கொண்டே செய்கிறேன் பார், அந்த முணுமுணுப்புதான் ஆளைத் தின்கிறது. மூட்டை தூக்கியபோது அது இல்லை. கூட்டத்தில் முழுக்க அதுதான் இருந்தது.

பெகுவில் இருக்கிற அக்காவை எடுத்துக்கொள். தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுவாள். மருமகள் கதை, ஒரு மணி நேரம். நான் போனை மேசையில் வைத்துவிட்டு, நடுநடுவே "உம்" போட்டுக்கொண்டு கணக்கு எழுதுவேன். அவளுக்கும் திருப்தி இல்லை, எனக்கும் கணக்கு தப்பும். வைகாசியிலிருந்து காலையில் குளித்து முடித்ததும் நானே கூப்பிடுகிறேன். கால் மணி நேரம், வேறு எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாரம் கழித்து அவள் சொல்கிறாள், "இப்பதாண்டா நான் பேசுறத நீ கேக்குற." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்தேதான் பேசியிருக்கிறாள்.

கரண்ட் விஷயத்துக்கு வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். இரண்டு பேரும் எதற்கு எழுந்திருக்க வேண்டும், ஒரு ராத்திரி நீங்கள், ஒரு ராத்திரி நான் என்றாள். இவ்வளவுதான். இதை யோசிக்க எனக்கு மூன்று வாரமும் நாற்பத்தெட்டு டன் உளுந்தும் ஆயிற்று. அவள் முறை அன்று மோட்டார் சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தால் எழுந்துவிடுவேன்.

கோயில் கமிட்டியில் கணக்குப் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டேன். பெரிய வருத்தம் அவர்களுக்கு. ஒருவர் இரண்டு வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆடிக் கூழுக்கு வெங்காயம் உரிக்க நான் வருகிறேன், விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன், கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். போன வெள்ளி ஒரு மூட்டை உரித்தோம், ஆறு பேர். கண்ணில் தண்ணீர் கொட்ட, பழைய கதை பேசிச் சிரித்து, வீட்டுக்கு வந்தபோது போனபோது இருந்ததைவிடத் தெம்பாக இருந்தேன். மணிக்கணக்கு பார்த்து இந்தக் கணக்கு விளங்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சிக்கனத்தில் ஒரு மாதம் நான் அளவு மீறிப் போனேன். சாயங்காலம் டீ குடிக்க வருவாரே, பழைய வாத்தியார், பக்கத்துத் தெரு. நாளைக்கு ஒரு மணி நேரம் போகிறது என்று கணக்குப் போட்டு, உடம்பு முடியவில்லை என்று சின்னவளை விட்டுச் சொல்ல வைத்தேன். நாலு நாள் சொன்னதும் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தை வைத்து என்ன சாதித்தேன் தெரியுமா? ஈசிசேரில் கிடந்து போனைத் தேய்த்தேன். பத்து நாள் கழித்து நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஆலா?" என்று கேட்டேன், சும்மா இருக்கிறீர்களா என்று. அதுவும் அந்த 'ஆ'தான் பார். அவர் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். மூலை டீக்கடையில் இரண்டு டீ, ஒரு தட்டு சமோசா. அவர் வராமல் போன நாட்களைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. இவரை எல்லாம் செலவுக் கணக்கில் எழுதினேனே, நானா முப்பது வருஷம் குமாஸ்தா?

பத்து நாள் தியானத்துக்குப் போ என்று எழுதியிருந்தாய். அங்கே போய் வந்தவர்கள் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். பத்து நாள் லீவுக்கு நான் எங்கே போவேன்? ஊ பா கின்னை நினைத்துக்கொள்கிறேன். 1948இல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். ஒரே சமயத்தில் மூன்று நான்கு துறைகளைக் கட்டி மேய்த்தவர். அவர் எங்கும் ஓடிப்போகவில்லை, ஆபீஸிலேயே தன் கீழ் வேலை பார்த்தவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் மையம் தொடங்கிய பிறகும் வேலையை விடவில்லை. கணக்கு எழுதுகிற ஆள் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். நான் அவர் மாதிரி ஆகப்போவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கோணிமூட்டை மேல் சாய்ந்து பத்து நிமிஷம் கண்ணை மூடுகிறேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விலை அனுப்பும்முன் இரண்டு தரம் வாய்விட்டுப் படிக்கிறேன்.

வாசோ பௌர்ணமி முடிந்துவிட்டது. புத்த சாமியார்கள் மூன்று மாதம் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். அது முடிகிற தடின்ஜுட் பௌர்ணமி வரை பர்மியர்களில் கல்யாணம் கிடையாது, நமக்கும் ஆடியில் கிடையாது. ஆக இந்த மாதம் உன்னைப் பந்தல் போடவோ சம்பந்தம் பேசவோ எவனும் கூப்பிட முடியாது. கண் ஆபரேஷனுக்கு இதைவிட நல்ல நாள் வராது. மச்சினன் கடன் விவகாரம் ஐப்பசி வரை காத்திருக்கும், வட்டிதானே ஏறும், அவனுக்கு ஏறட்டும். "ஆனாடே" என்று சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டாயானால் நானே பஸ் ஏறி வருவேன்.

வியாபாரச் சேதி ஒன்று. இந்தியா நம்மிடம் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் எடுப்பதாக 2021இல் போட்ட ஐந்து வருஷ ஒப்பந்தம் 2026 மார்ச்சோடு முடிகிறது. சந்தையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, வந்தால் பார்ப்போம்.

இந்த பஸ்ஸிலேயே அப்பளக் கட்டு இரண்டும், தங்கச்சிக்கு முழங்கால் தைலம் ஒரு புட்டியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். டிரைவருக்குக் காசு கொடுத்தாயிற்று, நீ திரும்பக் கொடுக்காதே.

கண் கட்டு அவிழ்க்கும்வரை பதில் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தையும் நீ கண்ணைச் சுருக்கிப் படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாளே பேத்தி, அவளை உட்கார்த்தி வைத்துப் படிக்கச் சொல். என் கையெழுத்து மோசம், ழகரமும் றகரமும் அவளைப் படுத்தும். தடுமாறுகிற இடத்தில் எடுத்துக்கொடு, ஆனால் முழுக்க அவளே படிக்கட்டும்.

உன்,
முத்து