கணிதத்தில் தனி ஆர்வமுள்ள மாணவர்களுக்கான பயிற்சி: பெற்றோர்க்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்க்கு,

வணக்கம். தங்கள் மகனோ மகளோ கணிதத்தில் வகுப்பின் வேகத்தைத் தாண்டிச் செல்வதாகக் கணித ஆசிரியர்கள் தெரிவித்ததன் பேரில், ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலருக்கு மட்டும் இக்கடிதத்தை எழுதுகிறேன். இத்தகைய பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்புப் பாடத்தை இப்போதே நடத்திவிடலாமே என்று பலர் கேட்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்கூட்டியே படித்து முடித்த பாடத்தை இரண்டாண்டு கழித்து மீண்டும் கேட்க நேரும்போது, நன்றாகப் படிப்பவர்களே முதலில் சலித்துப்போகிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பாடநூலில், வகுத்தால் வரும் மீதியை மட்டும் கொண்டு கணக்கிடும் மட்டு எண்கணிதம் இருக்கிறது. தேர்வை மனத்தில் வைத்து அதைச் சில நாட்களில் கடந்துவிடுகிறோம். ஆனால் 7இன் 100ஆவது அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் எவை என்று கேட்டுப் பாருங்கள். 7இன் நான்காம் அடுக்கு 2401 என்பதைக் கவனித்த பிள்ளை, நீண்ட பெருக்கல் எதுவுமின்றி 01 என்று சொல்லிவிடும். அது ஏன் அப்படி என்பதைப் பிறர் ஏற்கும்படி எழுதி நிறுவும் பழக்கத்தைத்தான் நாங்கள் வளர்க்க விரும்புகிறோம். அதற்காகச் சனிக்கிழமைதோறும் காலை இரண்டு மணி நேரம், எண் கோட்பாடு, வடிவியல், இயற்கணிதம், எத்தனை வழிகளில் அமைக்கலாம் என்று எண்ணிக் கணக்கிடும் சேர்ப்பியல் ஆகிய நான்கிலும் கட்டணமின்றி வகுப்பு நடத்துகிறோம்.

பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டிகளும் இந்த நான்கையே சார்ந்தவை. அவற்றுக்கு நுண்கணிதம் தேவையில்லை. முதற்படியான ஐ.ஓ.க்யூ.எம். என்னும் இந்தியக் கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 30 வினாக்களுக்கு விடை மட்டும் தந்தால் போதும். அதைத் தாண்டினால் வட்டார அளவிலும் தேசிய அளவிலும் ஆறாறு வினாக்களுக்கு முழு நிறுவலையும் எழுத வேண்டும். பன்னாட்டுப் போட்டிக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆறு பேர் மட்டுமே செல்கிறார்கள். மாணவியருக்கு ஐரோப்பிய மகளிர் கணித ஒலிம்பியாட் என்னும் தனி வாய்ப்பும் உண்டு. மகள்களைப் பெற்றவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். இவற்றுக்கு முன், இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியில் அனைவரையும் பங்கேற்கச் செய்யவிருக்கிறோம். முதல் ஆண்டில் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். அதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பதினோராம் வகுப்பில் வணிகக் கணிதமல்லாமல் கணிதப் பாடம் உள்ள பிரிவையே தேர்ந்தெடுப்பது நல்லது. கணிதத்தையே பட்டப்படிப்பாகக் கொள்ள விரும்புவோருக்குச் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம் தனக்கென நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அதிலும் நிறுவல் எழுத வேண்டிய வினாக்கள் உண்டு என்பதால், பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி மட்டும் அங்கே போதாது.

பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறதா என்று தாங்களே கேட்டறிந்து, இருந்தால் மட்டும், இணைக்கப்பட்டுள்ள ஒப்புதல் படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்