கோலார் தங்கவயல் சுற்றுலா: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் கல்விச் சுற்றுலா இந்த முறை கோலார் தங்கவயலுக்கு. சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறோம் என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருக்கலாம். அப்படி இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பு நின்றபின் ஆழமான பகுதிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. நாம் பார்ப்பது வெளியே மிஞ்சியிருப்பவற்றைத்தான்: குழிவாய்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ஓடும் கிளை ரயில்பாதை, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு குவிந்த சயனைடு மேடுகள்.

நம்மூரில் கிணறு வெட்டும்போது பாறை நடுவே வெள்ளைக் கோடாக வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) தென்படுமே, கோலாரிலும் அதே கல்தான். அங்கே அதோடு தங்கமும் சேர்ந்து படிந்திருக்கிறது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகளாக. அந்த வெள்ளைப் பாளம் சாய்வாகக் கீழே போனது, சுரங்கமும் அதன் பின்னாலேயே போனது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின் வேகமெடுத்த வேலை, சாம்பியன் ரீஃப் பகுதியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்த்தான் நின்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். கல்லை எடுத்த இடம் வெற்றிடமானதும், சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். பலர் உயிரிழந்தது இப்படித்தான். இதற்காகவே உள்ளே கருங்கல் சுவர்கள் எழுப்பினார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளமாக அங்கே உழைத்தார்கள். இன்றும் அந்தத் தெருக்களில் தமிழ் கேட்கும்.

மேலே வந்த கல்லை நொறுக்கி, தண்ணீர் விட்டு மாவாக இடிப்பார்கள். பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் அந்தக் குழம்பு ஓடும்போது தங்கம் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். ஒட்டாமல் தப்பியதைச் சயனைடு கரைசலில் கரைத்துத் துத்தநாகத்தால் பிரித்தார்கள். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு, வெங்கச்சங்கல்லுக்கு 2.65 மடங்குதான்; அதனால் தண்ணீரில் அரித்தால் கல்துகள் அடித்துப்போகும், தங்கம் தங்கும். மணவாளக்குறிச்சிக் கரையில் அலை வெள்ளை மணலை அடித்துப்போக, கருமணல் தங்குவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அரித்துப் பிரிப்பதை விளக்கத் தேவையே இல்லை. கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் கிடைத்தது சுமார் 3 கிராம்தான். மற்றதெல்லாம் கழிவு, அதுதான் மேடாகக் குவிந்து கிடக்கிறது.

அந்த மேடுகளில்தான் கவனம் வேண்டும். மாவாக அரைபட்ட சிலிக்கா தூசி காற்றில் பறக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, என்95 கொடுத்தனுப்புங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போதும். மேட்டில் ஏறுவதோ கல், மண் எடுப்பதோ கூடாது. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அன்று போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கைவிடப்பட்ட குழியருகே யாரும் போகக் கூடாது: விளிம்பு சரியும், உள்ளே காற்றும் நல்லதல்ல. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்போம்.

வழியில் யாராவது மினுங்கும் கல்லைக் காட்டித் தங்கம் என்று விற்க வந்தால் வாங்க வேண்டாம். பெரும்பாலும் அது தங்கம்போல் மினுங்கும் பைரைட் என்ற இரும்புக் கனிமமாக இருக்கும். டைல்ஸ் ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் உரசினால் பைரைட் கறுப்புக் கோடு போடும், சுத்தியால் தட்டினால் பொடியும். தங்கம் மஞ்சளாக இழுக்கும், தட்டத் தட்டத் தகடாகும்.

ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளைகளின் விவரத்தையும் மருந்தையும் ஒப்புதல் படிவத்தோடு வகுப்பாசிரியரிடம் தாருங்கள். காற்று பலமாக இருந்தால் மேட்டுப் பக்கம் போகாமல் ரயில்பாதையோடு திரும்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
நாகர்கோவில்