மைதானத்தில் பேவர் பிளாக் வேண்டாம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் உங்களில் சிலர், மைதானத்தில் புழுதி பறக்கிறது, பேவர் பிளாக் பதித்துவிடுங்கள் என்று கேட்டீர்கள். ஆசிரியர்களோடு பேசினேன். பதிக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டடங்கள் நெருங்கி நிற்கும் நகரம் சுற்றியுள்ள வெட்டவெளியைவிடச் சூடாக இருக்கும். இதை நகர வெப்பத் தீவு என்கிறார்கள். நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. லண்டன் நகரின் இரவுகள் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதை லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் 200 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து எழுதிவிட்டார். கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்க வெயிலை உள்வாங்கி, இருட்டிய பிறகு மெல்ல வெளியே விடுகின்றன. ஏசி வேறு அறைக்குள் இருக்கும் சூட்டைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெயில் மாதங்களில் இரவுப் புழுக்கத்தில் தூக்கம் கெட்டு, முதல் பாடவேளையிலேயே பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள் என்றால் கைப்பேசியை மட்டும் குறை சொல்ல முடியாது.

மண்ணில் உள்ள ஈரமும் மரத்து இலைகளின் ஈரமும் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகின்றன. தளம் போட்டு மூடினால் அது பெரும்பாலும் நின்றுவிடும், மழைத் தண்ணீரும் சரியாக உள்ளே இறங்காது. புழுதி தொல்லைதான், மறுக்கவில்லை. தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கிறோம். ஓரங்களில் புல் வளர்க்கவும் ஏற்பாடு செய்கிறோம்.

அப்புறம், விளையாட்டு வகுப்பின் நேரம் மாறுகிறது. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல் ஆவி போன்றவையும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது. வானத்து உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, தரையில் மூச்சுக்குழாயை அரிக்கிறது. இது உச்சத்துக்குப் போவது பிற்பகலில். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. எனவே பிற்பகல் விளையாட்டு இனிக் காலை இரண்டாம் பாடவேளையில் நடக்கும். முதல் பாடவேளையிலேயே வைக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போது சாலை நெரிசல் அடங்கியிருக்காது, இரவில் தரையோரம் தேங்கிய புகையும் கலைந்திருக்காது.

அந்த நெரிசலில் நம் வாசலுக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பல வண்டிகளின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புகையில் உள்ள, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். காற்றில் அவற்றின் ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் பரிந்துரையைப் பாதியாகக் குறைத்தது. சின்னப் பிள்ளைகள் எடைக்கு எடை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். உயரமும் குறைவு என்பதால் புகைக்குழாய்க்குப் பக்கத்தில்தான் அவர்கள் மூக்கு இருக்கிறது. ஏசி ஓட வேண்டும் என்ற சமாதானம் வேண்டாம். வாசலில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். முடிந்தவர்கள் தெருமுனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர், பெயர் எழுதிய இன்ஹேலர் ஒன்றையும் டாக்டர் சீட்டின் நகலையும் இந்த வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்