மூன்று கம்பும் ஒரு கல்லும் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சரிவு நில விவசாயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் மண் அரிப்பைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் பொக்லைன் இல்லாமல் படிநிலம் அமைக்க முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இயந்திரம் சீக்கிரம் வெட்டிக் கொடுத்துவிடும், வாஸ்தவம். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்காவிட்டால் அது அடியில் புதைந்து, சத்தில்லாத அடிமண் மேலே வந்துவிடும். அப்புறம் எவ்வளவு எரு கொட்டினாலும் நிலம் தேற வருஷக்கணக்காகும்.

கையால் செய்கிறவர்கள் சரிவை வெட்டிச் சமதளமாக்கியே ஆகவேண்டும் என்பதில்லை. மட்டம் பார்த்து வரப்புப் போட்டால் போதும். கென்யாவின் மச்சாகோஸ் பகுதியில் இதை 'ஃபான்யா ஜூ' என்கிறார்கள். சுவாஹிலியில் மண்ணை மேலே எறிவது என்று பொருள். சரிவுக்குக் குறுக்கே சுமார் 60 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேட்டுப்பக்கமாக எறிந்து வரப்பாக்கி, அதன் மேல் புல் நடுகிறார்கள். மழையில் இறங்கி வரும் மண் வரப்பில் தங்கிவிடும். வரப்பை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே வந்தால் சில வருஷத்தில் நிலம் தானாகவே படியாகும்.

மட்டம் பார்க்க மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல். ஆளுயரக் கம்பு இரண்டை ஆங்கில 'ஏ' வடிவில் கட்டி, குறுக்கே மூன்றாவதைக் கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட வேண்டும். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு இரண்டு கால்களையும் இடம் மாற்றி, அதே புள்ளிகளில் ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே கயிறு நின்றால் அதுதான் மட்டம்.

நான் முதல் தடவை கால் மாற்றிப் பார்க்கவில்லை. என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்தான். முதல் பெருமழையில் தண்ணீர் முழுக்க ஒரு முனையில் சேர்ந்து வரப்பை உடைத்தது. போகிற போக்கில் கீழே இருந்த இரண்டு வரப்புகளையும் இழுத்துக்கொண்டு போனது.

கல் நிறையக் கிடக்கும் நிலமென்றால் கல்கட்டு இன்னும் நல்லது. சிமென்ட் மட்டும் வேண்டாம். கசிய வழியில்லாமல் பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். பெரிய கல்லை அடியில் வைத்து, சுவரை மேட்டுப்பக்கம் லேசாகச் சாய்த்து, பின்னால் சில்லுக்கல் நிரப்பினால் நிற்கும். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்த வேலையை 2018-இல் யுனெஸ்கோ மரபுக் கலையாகப் பட்டியலிட்டது.

வருஷா வருஷம் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நிஜமான கஷ்டம். பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் படிவயல்கள் 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. கவனிப்பில்லாமல் சுவர்கள் சரிய, 2001-இல் அபாயப் பட்டியலுக்குப் போய், 2012-இல்தான் மீண்டன. கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த இதழில் மட்டம் பார்க்கும் அந்த 'ஏ' வடிவக் கம்புச் சட்டத்தின் படத்தையாவது போடுங்கள். கால் மாற்றிக் கோடு போடுவதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்