மூட்டுவலி சூரணத்தால் சிறுநீரகப் பாதிப்பு: முழு மூலப்பொருள் பட்டியலும் ஆய்வக அறிக்கையும் கேட்டுப் புகார்

வணக்கம்.

உங்கள் மூட்டுவலி சூரணத்தைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. டப்பாவில் நான்கைந்து மூலிகைப் பெயரைப் போட்டுவிட்டு "மற்றும் சில அரிய மூலிகைகள்" என்று முடித்திருக்கிறீர்களே, அந்த மற்றவை எவை என்றுதான் கேட்கிறேன். இதைக் கேட்டு மின்னஞ்சல், வாட்ஸ்அப், போன் என்று அலைந்து அலுத்துப்போய்த்தான் இந்தக் கடிதம்.

சூரணம் ஆரம்பிக்கும் முன் அம்மாவின் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) 0.9. இப்போது 3.8. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. சிறுநீரில் புரதம் போகிறது என்றதும் சிறுநீரக டாக்டர் முதலில் கேட்டதே "மூலிகை மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா" என்பதுதான். டப்பாவைக் காட்டினேன். பாதரசம், காரீயம் கலந்திருக்கலாம், வலி சட்டென்று குறைந்தது என்றால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, எல்லாமே சிறுநீரகத்தைக் கெடுக்கும், எது என்று தெரிந்தால் சிகிச்சைக்கு உதவும் என்றார். நீங்கள் சொல்ல மறுப்பது இதைத்தான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய அந்த ஆளை என்னால் மறக்கவே முடியாது. "இயற்கை மருந்துக்கு சைடு எஃபெக்டே கிடையாது சார், வயசானா கிட்னி போகத்தான் செய்யும், இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டதை மறைச்சிட்டு எங்க மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இயற்கை என்றால் கெடுதல் இல்லையா? பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட 100க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது 1990களிலேயே உலகத்துக்குத் தெரிந்த செய்தி. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனச் செடி மாறிப் போயிருந்தது. பலர் டயாலிசிஸுக்குப் போனார்கள், சிலருக்குப் பிறகு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். மருந்து தயாரிக்கும் உங்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை. அவை உங்கள் சூரணத்தில் இருக்கிறதா இல்லையா, அதையாவது சொல்லுங்கள்.

நேரில் வந்தால் ஆய்வக அறிக்கை தருவதாகச் சொன்னதால் வேலைக்கு லீவு போட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, அது கம்பெனி ரகசியம் என்று சொல்லி, கையில் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்து அனுப்பினீர்கள். அதிலும் "பக்க விளைவு அற்றது" என்றே அச்சடித்திருக்கிறது!

எங்கள் குடும்பமே நாசமாகிவிட்டது. எத்தனை கோடி கொடுத்தாலும் இதை ஈடுகட்ட முடியாது. வலிக்கு மருந்து கேட்டவரை டயாலிசிஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள், அப்புறம் வயசானா அப்படித்தான் என்பீர்களா? அந்த ஆள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும்.

சரி, சண்டை போடுவது என் நோக்கமில்லை. தயவுசெய்து மூன்றைத் தாருங்கள்: முழு மூலப்பொருள் பட்டியல், டப்பாவில் உள்ள அதே தொகுப்பு எண்ணுக்கான கன உலோகப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் செலவுக்கான இழப்பீடு. முதல் இரண்டும் இன்றே வேண்டும், டாக்டர் காத்திருக்கிறார். அந்தத் தொகுப்பைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள், வேறு வீடுகளிலும் யாராவது இதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வாரம் பார்ப்பேன். பதில் வராவிட்டால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடமும் நுகர்வோர் நீதிமன்றத்திலும் புகார் போகும். பிரிக்காத டப்பா ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஆய்வகம் சொல்லட்டும்.