காயல்பட்டினத்து வெள்ளத்தில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். இதை வாசிக்கும் மாற்றுமதச் சகோதர சகோதரிகளுக்கு என் அன்பான வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஊரில் பெய்த மழையின்போது எங்கள் குடும்பத்துக்கு உதவிய ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கேட்டுவைத்துக்கொள்ளும் நிலையில் அன்றைக்கு நாங்கள் இல்லை. “மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார்” என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. குமரிக்கடல் பக்கம் இருந்த மேலடுக்கு சுழற்சியால் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணியும் கரையை மீறியது. எங்கள் ஊரில் ஆண்கள் நிறையப் பேர் சென்னை, ஹாங்காங், வளைகுடா என்று பிழைப்புக்குப் போயிருப்பார்கள். அன்று எங்கள் வீட்டில் இருந்தது உம்மா, லாத்தா (அக்கா), நான், சின்னப் பிள்ளைகள். அவ்வளவுதான்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு கரண்ட் போனது. ஹாங்காங்கிலிருந்து காக்கா (அண்ணன்) கூப்பிட்டு, “மெத்தைக்கு (மாடிக்கு) ஏறிருங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் செத்தது. முடுக்கு (சந்து) வழியாகத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்து, கேஸ் சிலிண்டர் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது. உம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனது. தானாகப் படி ஏற முடியாது. நானும் லாத்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒவ்வொரு படியாக உட்காரவைத்து உட்காரவைத்து மேலே கொண்டு போனோம். அந்த நேரமெல்லாம் உம்மாவின் வாயில் ஒன்றே ஒன்றுதான்: லா இலாஹ இல்லா அன்த்த, ஸுப்ஹானக்க, இன்னீ குன்த்து மினள் ழாலிமீன் (உன்னைத் தவிர இறைவன் இல்லை, நீ தூயவன், நான் அநீதி செய்தவர்களில் ஒருவனாகிவிட்டேன்). கடலின் இருட்டிலும் மீன் வயிற்றின் இருட்டிலும் யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் ஓதிய துஆ (பிரார்த்தனை). பிள்ளைகளும் கூடவே ஓதினார்கள். மழைச் சத்தத்தில் யார் குரல் யாருடையது என்றே தெரியவில்லை.

நான் ஓதியது வேறு. ஒரு ஜுமுஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) நாளில் மழை கேட்டு ஒருவர் வந்ததும், நபிகள் நாயகம் துஆ செய்ததும், அடுத்த ஜுமுஆ வரை விடாமல் பெய்ததும், “சொத்தெல்லாம் அழிகிறது, நிறுத்தச் சொல்லுங்கள்” என்று மறுபடி வந்து கேட்டதும் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அப்போது நபியவர்கள் கேட்டது: அல்லாஹும்ம ஹவாலைனா வலா அலைனா. யா அல்லாஹ், எங்களைச் சுற்றிப் பொழியவை, எங்கள் மேல் வேண்டாம். குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்களின் வேர்களிலும் பொழியவை. மழையே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மதரஸாவில் மனப்பாடம் செய்த நாளிலிருந்து எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை ஓதும்போது கைகள் நடுங்கின.

விடியற்காலையில் சுப்ஹுத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. மைக் இல்லாமல், வெறும் குரலில். பள்ளிவாசலுக்குள்ளும் தண்ணீர் நின்றிருக்கும். இருந்தும் மோதினார் பாங்கை விடவில்லை. “ஸல்லூ ஃபீ ரிஹாலிகும்”, அவரவர் இருக்கிற இடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொன்னார். கடும் மழைக்கான சுன்னத், அதாவது நபிவழி, அது. கிதாபில் படித்திருக்கிறேன், காதால் கேட்டது அன்றுதான். மாடியில் வாளி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளூச் செய்து தொழுதோம். முதல் நன்றி அந்த மோதினார் மாமாவுக்கு. ஊர் இன்னும் இருக்கிறது என்று உங்கள் குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பகலில் ஃபைபர் படகோடு வந்த மீனவ அண்ணன்மாரே, உம்மாவைத் துணித் தொட்டில் மாதிரி கட்டி, மாடி ஜன்னல் வழியாக இறக்கினீர்களே, சொந்தப் பிள்ளைகூட அவ்வளவு பக்குவமாகச் செய்திருக்குமா தெரியவில்லை. உம்மா பயத்தில் ஓதுவதை நிறுத்தியபோது உங்களில் மூத்தவர், “ஜெபத்த விட்றாதீங்கம்மா, அதுதான் நமக்குத் துடுப்பு” என்றார். அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது. உம்மா அதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார்கள். அண்ணே, உங்களுக்கும் உங்கள் வலைக்கும் தொழுகைக்குத் தொழுகை எங்கள் வீட்டில் துஆ உண்டு.

இடுப்பளவுத் தண்ணீரில் இன்சுலினை ஐஸ் டப்பாவில் போட்டுத் தலையில் சுமந்து வந்த மெடிக்கல் கடைத் தம்பிக்கு, காசு கேட்காததற்கும். மதரஸா மாடியில் தங்கியிருந்தபோது பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டுகளில் சோறு வைத்து, முதலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிய ஜமாஅத் பையன்களுக்கு. மின்கம்பம் மின்கம்பமாகத் தண்ணீரில் நின்று வேலை பார்த்த ஈபி ஊழியர்களுக்கு. தண்ணீர் வடிந்தபின் சேற்றையும் செத்த ஆடு கோழிகளையும் அள்ளிய துப்புரவுப் பணியாளர்களுக்கு. இந்தக் கடைசி ஆட்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை. நான் பார்த்தேன். அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன், நீங்கள் கையுறைகூடச் சரியாக இல்லாமல் வேலை செய்தீர்கள்.

எங்கள் வீட்டுக்கு நேராக இல்லாவிட்டாலும் இன்னொரு கூட்டத்துக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டபோது, தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்க, இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்களே அந்தச் சுற்றுவட்டார மக்கள், அவர்களுக்கு.

“நெருக்கடியில் இருப்பவன் அழைக்கும்போது அவனுக்குப் பதிலளிப்பவன் யார்?” என்று குர்ஆனின் நம்லு சூராவில் (அத்தியாயத்தில், 27:62) அல்லாஹ் கேட்கிறான். அந்த இரவில் போன் இல்லை, விளக்கு இல்லை, அவனைத் தவிர கூப்பிட ஆளே இல்லை. கூப்பிட்டோம். பதிலாக நீங்கள் வந்தீர்கள். உங்களை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வசனமும் இருக்கிறது, சூரா யூனுஸில் (10:12). துன்பம் தொட்டால் மனிதன் படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் நம்மை அழைக்கிறான், அதை நீக்கிவிட்டால் அழைக்கவே இல்லாததுபோல் நடந்துபோகிறான் என்று. அதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வீடு காய்ந்துவிட்டது, புது பிரிட்ஜ் வந்துவிட்டது, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் வெள்ளையும் அடித்தாயிற்று. உம்மா மட்டும் மெத்தைக்குப் போகும் படியில் அந்த யூனுஸ் நபி துஆவைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓதிவிட்டுத்தான் போகிறார்கள், மழை இல்லாத நாளிலும்.

மீனவ அண்ணன்மாருக்கு ஒரு சேதி. உம்மாவைச் சுற்றிக் கட்டிய உங்கள் நீலக் கட்டம் போட்ட சாரம் (லுங்கி) எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறோம். வாங்கிக்கொள்ள வரும்போது வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒருவேளைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜஸாக்குமுல்லாஹு கைரா. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

இப்படிக்கு,
உம்மாவுக்காகவும் எங்கள் குடும்பத்துக்காகவும்,
காயல்பட்டினத்துச் சகோதரி ஒருத்தி