நீல டேப் ஒட்டிய அண்ணனுக்கு

ஆங்கிலத் துறையின் இந்தப் பருவ நிகழ்ச்சிகள் பதின்மூன்றாவது வாரத்தோடு முடிந்தன. சுவரொட்டியில் பேச்சாளர்கள் பெயரெல்லாம் இருந்தது, மைக், திரை எல்லாம் பார்த்துக்கொண்ட உங்கள் பெயர் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மொழிபெயர்ப்புக் கவிதை வாசிப்பன்று தமிழ் வரிகள் திரையில் வெறும் கட்டங்களாக வந்தன. அறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. யாரும் கூப்பிடாமலே வந்து, எங்கள் மடிக்கணினியிலேயே கோப்பை பிடிஎஃப் ஆக்கச் சொன்னீர்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், வேறு கணினியில் சிதையாது.

அடுத்து மைக். ஒலிபெருக்கிக்கு எதிரே நின்றால் அதன் சத்தமே மைக்குக்குள் திரும்பப் போய் வீறிடும். நாங்கள் ஒலியைக் குறைக்கத்தான் ஓடினோம். நீங்களோ வாசிப்பு மேசையை ஒலிபெருக்கிக்குப் பின்னால் தள்ளி, நிற்கும் இடத்தில் நீல டேப்பால் குறி ஒட்டினீர்கள். "வாய்க்கு நாலு விரல் தூரம்மா, தலையைப் பிடிக்காதீங்க." மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடினால் வீறிடல் கூடும், மேடையில் ராப் பாடுகிறவர்கள் பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள்! நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மைக்குக்கு இரண்டு புது டபுள் ஏ பேட்டரி வேறு. பழையதை "இன்னும் ஓடும்" என்று நீங்கள் விட்டதே இல்லை.

கடைசி நாள் உங்களுக்கென ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்து வைத்திருந்தோம். அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணே. டேப்பை நாங்கள் உரிக்கவில்லை.